இலையேறிய போளி

திருவனந்தபுரத்து விருந்தில் சாம்பார்ச் சோறு முடிந்து அடைப்பிரதமன் ஒரு சுற்று வந்து போனதும், பரிமாறுகிறவர் தாம்பாளம் ஒன்றை ஏந்தி வருவார். இலையில் மிச்சமிருக்கும் சோற்றை ஓரமாக ஒதுக்கி எல்லோரும் இடம் பண்ணிக்கொள்வார்கள். கைக்குட்டைபோல மடிந்த மஞ்சள் வட்டம் ஒன்று அங்கே வந்து விழும். அதன் மேல் ஒரு கரண்டி பால்பாயசம். விரலால் பிய்த்து, பாயசத்தில் துவைத்து, பிசைந்து, வழித்துச் சாப்பிட வேண்டும். அதுதான் போளி.

கோழிக்கோட்டிலிருந்தோ திருச்சூரிலிருந்தோ வந்து பந்தியில் உட்காருகிறவர் இதைப் பார்த்துத் திகைப்பார். அவர் அறிந்த ஓண விருந்தான சத்யாவில் போளிக்கு இடம் கிடையாது. நாகர்கோவில்காரருக்குத் திகைப்பு இருக்காது. அவர் வீட்டுக் கல்யாணப் பந்தியிலும் பாயசத்தோடு போளி உண்டு. 1956 நவம்பர் 1 அன்று அவருடைய நாஞ்சில் நாடு தமிழகத்தோடு சேர்ந்தது. மாநில எல்லை களியிக்காவிளையில் விழுந்தது. போளியின் எல்லை அங்கே விழவில்லை. அது கொல்லம் வரை மெல்லப் போய், அதற்கு வடக்கே தேய்ந்து மறைகிறது.

ஒரு திருநாள் இலையில் எது ஏறும், எது ஏறாது என்பதை நாக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை. போளியை முன்வைத்து நான் கேட்க நினைக்கும் கேள்வி அதுதான். கேட்பதற்கு ஆரியசாலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது.

கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியாகக் கிள்ளிப்பாலம் பக்கம் நடந்தால் ஆரியசாலை வரும். கடைப் பலகைகளில் மலையாளம். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் வாயில் பல இடங்களில் தமிழ். 'கடைத்தெருக் கதைகள்' எழுதிய ஆ. மாதவன் இந்தத் தெருவில் கடை வைத்திருந்தவர். இங்கே வியாபாரம் செய்கிறவர்களையும் சுமை தூக்குகிறவர்களையும் தமிழ் இலக்கியத்துக்குள் கொண்டுவந்தவர். ஆண்டுதோறும் நவராத்திரிக்கு பத்மநாபபுரத்திலிருந்து புறப்படும் ஊர்வலத்தில் சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் இறங்குகிறாள். சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை செந்திட்ட பகவதி கோவிலில் தங்குகிறாள். வேளிமலைக் குமாரசாமிக்கு ஆரியசாலை அம்மன் கோவில்தான் விடுதி. தெற்கேயிருந்து வருகிற முருகனுக்கு ஒன்பது நாள் வீடு கொடுக்கிற ஊர் இது.

ஊர்ப் பெயரில் இருக்கும் 'சாலை' இன்று நாம் சொல்லும் பாதையைக் குறிப்பதல்ல. கல்விக்கும் ஊட்டுக்குமான பழைய அறச்சாலை. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலையை, பக்கத்திலுள்ள வலியசாலைச் சிவன் கோவிலோடு பல ஆய்வாளர்கள் இணைத்துப் பார்க்கிறார்கள். அங்கே மன்னன் 'கலம் அறுத்தான்' என்கிறது மெய்க்கீர்த்தி. கலம் என்றால் கப்பல், எனவே அது கடற்போர் என்றார்கள் ஒரு சாரார். கலம் என்றால் உண்கலம், எனவே அவன் ஊட்டின் முறையை மாற்றினான் என்றார்கள் இன்னொரு சாரார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்தச் சாலையைப் பற்றித் தனி நூலே எழுதினார். எந்தப் பக்கம் உண்மை என்று தீர்ப்பளிப்பது என் வேலையல்ல. ஆனால் கப்பலா தட்டா என்று ஆயிரம் ஆண்டு கழித்தும் அறிஞர்கள் வழக்காடும் அளவுக்குச் சோறும் அதிகாரமும் பின்னிக் கிடந்த மண் இது. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்காக ஒரு சாலை அமைத்தான். அதற்கு ஒழுங்குமுறை வகுக்கக் காந்தளூரைத்தான் முன்மாதிரியாகக் கொண்டான். யார் உண்ணலாம், எத்தனை பேர் உண்ணலாம் என்பது அன்றே செப்பேட்டில் எழுதவேண்டிய காரியமாக இருந்தது.

கடைத்தெரு அதற்கு மிகப் பிந்தியது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் சாலைக் கம்போளத்தை உருவாக்கினார். கரமனை ஆற்றிலும் கிள்ளியாற்றிலும் பாலம் போட்டு, நாஞ்சில் நாட்டு நெல்லும் பாண்டிநாட்டுச் சரக்கும் தலைநகருக்கு வர வழி செய்தார். நெல்லோடு பருப்பு வந்தது, நல்லெண்ணெய் வந்தது, வெல்லம் வந்தது. அவற்றை விற்கத் தெரிந்தவர்களும் சமைக்கத் தெரிந்தவர்களும் கூடவே வந்தார்கள். கோட்டைக்குள்ளும் கரமனையிலும் வலியசாலையிலும் அக்கிரகாரங்கள் இருந்தன. செட்டியார்களும் வேளாளர்களும் கடை போட்டார்கள்.

போளியின் உடலைப் பிரித்துப் பார்த்தால் இந்தக் கடைத்தெரு தெரியும். பூரணத்துக்குக் கடலைப் பருப்பு. அது கேரள மண்ணில் விளைவதில்லை. மேல்மாவுக்குக் கோதுமை. அதுவும் விளைவதில்லை. மாவை ஊறவைக்க நல்லெண்ணெய்; தேங்காய் எண்ணெய் நாட்டில் இதுவும் கொஞ்சம் அந்நியம். ஏலமும் சாதிக்காயும் மட்டுந்தான் உள்ளூர் மலைச் சரக்கு. ஓணம் நெல்லின் அறுவடைத் திருநாள் என்கிறோம். அந்த இலையின் ஒரு மூலையில் நெல்லோடு ஒட்டுறவே இல்லாத பண்டம் ஒன்று முழு உரிமையோடு உட்கார்ந்திருக்கிறது. ஒட்டாமல் தேய்க்கத் தூவும் அரிசிமாவு ஒன்றுதான் அதற்கும் நெல்லுக்கும் உள்ள பந்தம்.

திருவனந்தபுரத்துப் போளிக்கென்று தனிக் கைப்பாங்கு உண்டு. தமிழ்நாட்டு வீடுகளில் போகிப் பண்டிகைக்குச் செய்வது பெரும்பாலும் வெல்லப் பூரணம், அல்லது தேங்காய்ப் பூரணம். வாழையிலையில் எண்ணெய் தடவி, விரலால் தட்டித் தட்டி விரிப்பார்கள். கனமாக, ஓரம் முறுகலாக இருக்கும். திருவனந்தபுரத்தில் சர்க்கரைப் பூரணம். மாவில் மஞ்சள் தூள் கலந்து, அரிசிமாவு தூவிக் குழவியால் தேய்ப்பார்கள். கை தெரியும் அளவுக்கு மெல்லிசாக வரும். மடித்தால் உடையக்கூடாது. பாயசத்தை உறிஞ்ச வேண்டும், கரைந்தும் போய்விடக்கூடாது. தனியாகத் தின்ன அமைந்த பண்டத்துக்கும் பாயசத்துக்குத் துணையாக அமைந்த பண்டத்துக்கும் உள்ள வேறுபாடு இது.

இந்த மெல்லிசு எளிதில் வருவதல்ல. கடலைப் பருப்பு விரலிடையில் நசுங்க வேண்டும், குழையக் கூடாது. குழைந்தால் தண்ணீர் கோத்துக்கொண்டு, சர்க்கரை சேர்ந்ததும் கூழாகிவிடும். வெந்ததும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வடித்துவிட்டு அரைப்பார்கள். ஒரு கப் பருப்புக்கு ஒரு கப் சர்க்கரை என்பது பொதுவான கணக்கு. சர்க்கரை சேர்த்ததும் பூரணம் ஒரு முறை இளகும். பயப்படாமல் கிண்டிக்கொண்டே இருந்தால் திரும்பக் கட்டிப்பட்டு உருளியின் அடியைவிட்டு எழும்பி வரும். பக்குவம் அந்த இடத்தில்தான்.

மாவு அதைவிடப் பொறுமை கேட்கும். சப்பாத்தி மாவைவிட நன்றாகத் தளரப் பிசைந்து, எண்ணெயில் முழுக்கி இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிட வேண்டும். பிசைந்தவுடன் கோதுமையின் குளூட்டன் இழைகள் முறுக்கிக்கொண்டு நிற்கும். தேய்த்தால் சுருங்கித் திரும்பும். ஊற ஊற முறுக்குத் தளர்ந்து, எலுமிச்சையளவு பூரணத்தை நெல்லிக்காயளவு மாவு கிழியாமல் மூடிக்கொள்ளும். உள்ளே இருப்பது மிகுதி, வெளியே இருப்பது வெறும் போர்வை. பூரணம் என்ற சொல்லுக்கே நிறைவு என்றுதான் பொருள்.

இந்தப் பண்டம் தமிழனுக்கே உரியது என்று நான் கொடி பிடிக்கமாட்டேன். கன்னடத்தில் ஹோளிகெ, ஒப்பட்டு. தெலுங்கில் பொப்பட்டு, பக்ஷ்யம். மராத்தியில் பூரண்போளி. 12ஆம் நூற்றாண்டில் கலியாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த 'மானசோல்லாசம்' என்ற சமஸ்கிருத நூலிலேயே போளி இடம்பெறுகிறது. தஞ்சையை 1676இலிருந்து 1855 வரை ஆண்ட மராட்டியர் காலத்தில் தக்காணத்துச் சமையல் பலவும் காவிரிக் கரைக்கு வந்தன. அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கும் ஒரு நேர்வழி இருந்தது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் ஆசிரியராக இருந்து பின் திவானான சுப்பாராவ் தஞ்சை மராட்டியர். அந்த மன்னரின் சபையில் பாடிய மேருசாமியும் மராட்டியர். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அங்கே இருந்தார். 1858 முதல் 1872 வரை திவானாக இருந்த சர் டி. மாதவராவ் கும்பகோணத்து மராட்டியக் குடும்பத்தவர். இவர்கள் எல்லாம் வயிற்றை ஊரில் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கமாட்டார்கள். அரண்மனையும் அக்கிரகாரமும் நாஞ்சில் நாட்டுக் கல்யாணப் பந்தியும் சந்தித்த இடத்தில் போளி மெலிந்து, மஞ்சளாகி, பாயசத்தோடு சேர்ந்தது என்பது என் கணிப்பு.

ஆனால் வழி இருந்தால் மட்டும் போதாது. இலையில் வைக்கும் கை வேண்டும். பழைய திருவிதாங்கூரில் பெரிய விருந்துகளின் அடுப்பு தேகண்டக்காரர்களான பிராமணச் சமையல்காரர்கள் கையில் இருந்தது. அவர்கள் சமைத்ததை எந்தச் சாதியாரும் உண்ணலாம் என்ற சாதி விதி அவர்களைப் பந்திக்குப் பந்தி கொண்டுபோனது. அவர்களில் தமிழ் பேசும் பட்டர்கள் ஏராளம். தங்கள் வீட்டுப் பண்டத்தை அவர்கள் ஊர்ப் பண்டமாக்கினார்கள். போளி நல்ல பண்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது இலையேறியதற்கு அதன் சுவை பாதிக் காரணம். ஏற்றிவைத்த கை மீதிக் காரணம்.

கடலுக்கு அப்பால் இதற்கு நேர்மாறான கதை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் நவம்பர் மாதம் நான்காம் வியாழக்கிழமை நன்றி நவிலும் நாள். லிங்கன் 1863இல் அறிவித்தார். நான்காம் வியாழன் என்பதை 1941இல் அமெரிக்க காங்கிரஸ் சட்டமாக்கியது. தென் மாநிலங்களில் அன்றைய மேசையில் வான்கோழிக்குப் பக்கத்தில் கட்டாயம் இருப்பது மக்காச்சோள ரொட்டியில் செய்த 'டிரெஸ்ஸிங்'. முந்தின நாளே வெள்ளை மக்காச்சோள மாவை மோரிலும் முட்டையிலும் கரைத்து, கொழுப்பு காயும் இரும்புச் சட்டியில் ஊற்றிச் சர்க்கரையில்லாமல் ரொட்டி சுடுவார்கள். அது ஆறி உலர வேண்டும். மறுநாள் உதிர்த்து, வெங்காயமும் செலரித் தண்டும் வதக்கிச் சேர்த்து, சேஜ் என்ற வாசனை இலை போட்டு, கோழி வேகவைத்த சாற்றை ஊற்றி நெகிழப் பிசைந்து, தனித் தட்டில் வைத்து மேலே பொன்னிறம் வரும்வரை வேகவைப்பார்கள். பறவையின் வயிற்றுக்குள் அடைத்தால் அது 'ஸ்டஃபிங்'. அதுவும் ஒரு பூரணம்தான். தெற்கத்தியர் அந்தப் பூரணத்தை வெளியே எடுத்துத் தனி மரியாதை கொடுத்துவிட்டார்கள்.

இந்த மக்காச்சோளம் அங்கே யாருடைய உணவு? முதலில் செரோக்கி, சோக்டா போன்ற பூர்வகுடிகளின் பயிர். பிறகு அடிமைகளின் படி. வயது வந்த ஓர் அடிமைக்கு மாதத்துக்கு எட்டுப் பவுண்டு பன்றி இறைச்சியும் ஒரு புஷல் மக்காச்சோள மாவும் அளக்கப்பட்டதை, அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். அந்த மாவை அறிந்த கறுப்பினப் பெண்களின் கைகள்தான் எசமானர் வீட்டு அடுப்படியையும் நடத்தின. தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்த அபி ஃபிஷர் எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் சொல்லச் சொல்ல எழுதிய சமையல் நூல் 1881இல் சான்பிரான்சிஸ்கோவில் அச்சேறியது. தோட்ட அடிமைகள் மண்வெட்டித் தகட்டில் சுட்டதாகச் சொல்லப்படும் மக்காச்சோள ரொட்டிக்கும் அதில் இடம் உண்டு. கோதுமை ரொட்டி செல்வர் வீட்டு அடையாளமாக இருந்த நாட்டில், ஏழையின் மாவு திருநாள் மேசைக்கு ஏறியது. 20ஆம் நூற்றாண்டில் வடக்கே சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் பெயர்ந்துபோன கறுப்பினக் குடும்பங்கள் அதைக் கூடவே கொண்டுபோயின.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது என் மனம் மரச்சீனியிடம், அதாவது மரவள்ளிக் கிழங்கிடம், போயிற்று. திருவிதாங்கூரின் மக்காச்சோளம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் அதைத்தான் சொல்லவேண்டும். அதுவும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பரப்புவதில் தனி அக்கறை காட்டினார். வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும், கிழங்கில் நச்சுத்தன்மை உண்டு என்ற பாடமும் சேர்ந்து பரவியது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றபோது, திருவிதாங்கூரின் ஏழைகளை உயிரோடு வைத்தது இந்தக் கிழங்கு. மீன்கறியோடு அதைக் கொண்டாடாத வீடு இன்று கேரளத்தில் இல்லை. ஆனாலும் ஓண இலையில் அதற்கு இடமில்லை.

அந்நியப் பயிர் என்பதால் விலக்கினார்கள் என்று சொல்ல முடியாது. அதே இலையில் அமெரிக்காவிலிருந்து வந்த மிளகாய் இருக்கிறது. அன்னாசிப் பச்சடி இருக்கிறது. பூசணிக்காய் எரிசேரி இருக்கிறது. மரச்சீனியின் குறை வேறு. அது பசியின் உணவு. அதைத் தின்று வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பந்தியில் உட்கார உரிமை இல்லை. அடுப்பருகே நிற்பதையோ நினைக்கவே முடியாது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஒடுக்கப்பட்டவர்கள் கொடூரமான முறையிலேனும் அடுப்படிக்குள் நிறுத்தப்பட்டிருந்தார்கள். தங்கள் மாவை மேசைக்கு ஏற்ற அவர்கள் கைக்கு ஒரு வழி இருந்தது. இங்கே தீண்டாமை அடுப்படி வாசலையே அடைத்துவிட்டது. திருநாள் இலையின் பட்டியலைத் திறந்தால் நான் முதலில் படிப்பது இந்த அடைப்பைத்தான்.

மக்காச்சோள மாவே இங்கு வராமல் போகவில்லை. 1960களில் 'கேர்' என்ற அமெரிக்க உதவி நிறுவனம் பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுக்கு அனுப்பிய பொருள்களில் அதுவும் ஒன்று. கேரளப் பள்ளிகளில் அதைக் கிளறி மஞ்சள் உப்புமாவாகக் கொடுத்தார்கள். காமராசர் காலத்தில் வேரூன்றிய தமிழகப் பள்ளி மதிய உணவுக்கும் அந்த உதவி வந்தது. அந்தத் தலைமுறையிடம் கேட்டால் வாசனையை இன்னும் சொல்வார்கள். வரிசையில் நின்றதையும் சேர்த்துச் சொல்வார்கள். அலபாமாவில் திருநாள் பண்டமான மாவு, ஆரியசாலைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பசிக்கு ஈந்த மாவாக வந்து, அப்படியே போய்விட்டது. ஒரு தானியத்தின் மதிப்பு அது வந்து சேர்ந்த வழியில் இருக்கிறது.

அமெரிக்கக் கோதுமையின் விதி வேறு. உலகப் போருக்குப் பின் வந்த வெள்ளை மாவுக்குக் கேரளத்தில் 'அமெரிக்கன் மாவு' என்றே பெயர். மைதாவைப் பழைய ஆட்கள் இன்றும் அப்படிச் சொல்வதுண்டு. பரோட்டாவுக்கும் அதுதான், போளிக்கும் அதுதான். மங்கலப் பண்டமாக முன்பே இலையில் இடம் பிடித்திருந்த போளிக்குப் போர்வையானதால் அந்த நிவாரண மாவைத் திருநாளில் யாரும் கேள்வி கேட்கவில்லை.

பந்தியை உடைக்க முயன்றவர்களும் இந்த ஊரில் இருந்தார்கள். ஆரியசாலையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் தைக்காடு. அங்கே ரெசிடென்சியில் மேலாளராக இருந்த தமிழர் தைக்காடு அய்யாவு சுவாமிகள் (1814–1909), தைப்பூசத்தன்று எல்லாச் சாதியாரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்துச் சோறு போட்டார். ஸ்ரீநாராயணகுருவும் சட்டம்பி சுவாமிகளும் அவரிடம் வந்தவர்கள். அய்யன்காளியும் அந்தப் பந்தியில் உட்கார்ந்ததாகச் சொல்வார்கள். தெற்கே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் அதற்கும் முன்பே சமபந்தி நடத்தியிருந்தார். 1917இல் வடக்கே செறாயியில் சகோதரன் அய்யப்பன் நடத்திய மிசிரபோஜனம் என்ற கலப்புப் பந்தி புயலைக் கிளப்பியது. ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தது 1936 நவம்பர் 12இல்தான். கோவிலுக்கு முன்பே பந்தியைத் திறக்க முயன்றிருக்கிறார்கள். உணவு வரலாற்றை எழுதுகிறவர்கள் சமையல்காரர்களை மறந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். பந்தியைத் திறந்தவர்களை மறப்பது அதைவிடப் பெரிய மறதி.

போளி இப்போது யாருக்கும் தனிச் சொத்தில்லை. ஓணத்துக்கு நாலு நாள் முன்பிருந்து திருவனந்தபுரத்துப் பலகாரக் கடைகளில் அடுக்கடுக்காக வாங்கிப் போகிறார்கள். வீட்டில் தேய்க்க நேரமும் கையும் குறைந்துவிட்டன. கடைப் போளியோடு ஒன்று மட்டும் வீட்டுக்கு வருவதில்லை. பூரணத்துக்குப் பருப்பு வடித்த அந்தக் கெட்டித் தண்ணீர். கன்னட வீடுகளில் அது ஒப்பட்டுச் சாறாகும், மராட்டியர் கட்டாச்சி ஆம்டி வைப்பார்கள், நம் வீடுகளில் அதில் புளியும் மிளகும் பெருங்காயமும் சேர்த்து ரசம். தெற்கத்திப் பந்தியில் பாயசத்துக்குப் பிறகும் சோறு வரும். வீட்டிலேயே போளி தேய்த்த ஓணத்தன்று, போளியும் பாயசமும் வழித்து முடித்த இலையில் ஒரு கைப்பிடி சோறு விழும். நடுவில் குழி பறித்ததும் அந்த ரசத்தை ஊற்றுவார்கள். அதில் கடலைப் பருப்பின் மணம் இருக்கும்.